மாவுத் தூக்குக்குப் பின்னாடி ஒரு ஊசி

பதிவு போட்டு ரொம்ப நாளாச்சு. ஆபீஸ்ல ஆணி அதிகம். டமேஜர் அசந்த நேரமாப் பார்த்து ஒரு மொக்கையாவது தேத்திடலாம்னு உட்கார்ந்தா, இத்தனை வருஷமா எழுதாம ஒதுக்கி வச்ச விஷயம்தான் முதல்ல வந்து நிக்குது. அதனால இன்னைக்கு மொக்கை இல்லை மக்களே. கொஞ்சம் நீளம். பொறுத்துக்கங்க.

எங்க ஊர் புதுக்கோட்டை மாவட்டத்துல கீரமங்கலம் பக்கம். பூவும் தென்னையும் பலாவும்தான் பிழைப்பு. எங்க வீட்டு ஃப்ரிட்ஜில் மாவுத் தூக்குக்குப் பின்னாடி ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். அதுக்குள்ள ஒரே ஒரு ஊசி. பேரு இகாட்டிபேன்ட். விலையைச் சொல்ல மாட்டேன், எங்க அம்மா இந்த வலைப்பூவைப் படிக்கிறாங்க :-)

கொசுவத்தியைக் கொஞ்சம் பின்னாடி சுத்திக்கறேன்.

எங்க அம்மாச்சிக்கு அடிக்கடி முகம் வீங்குமாம். ஒருநாள் உதடு, ஒருநாள் கை, ஒருநாள் கண்ணே திறக்க முடியாது. அரிப்பு இருக்காது, தடிப்பு இருக்காது, வெறும் வீக்கம். காத்துக் கருப்புன்னு வேப்பிலை அடிச்சிருக்காங்க, தாயத்து கட்டியிருக்காங்க. மூணு நாள்ல வீக்கம் தானா வத்திரும், தாயத்துக்குப் பேர் கிடைச்சிரும். ஒரு தடவை தொண்டைக்குள்ள வீங்குச்சு. மூணு நாள் காத்திருக்க மூச்சு விடலை. அப்ப எங்க அம்மாவுக்கு 12 வயசு.

அப்புறம் அம்மாவுக்கும் அதே வீக்கம். தாயத்துக்குப் பதிலா அவில் ஊசி, அவ்வளவுதான் முன்னேற்றம். அதுலயும் மூணு நாள்ல வத்தும்.

2018 நவம்பர் 16 விடிகாலை கஜா புயல் கரையைக் கடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்க பக்கம் தென்னை, பலா எல்லாம் வேரோட சாஞ்சு கிடந்துச்சு. கரண்ட் வாரக்கணக்குல இல்லை. நான் அப்ப இன்ஜினியரிங் கடைசி வருஷம், அடிச்சுப் பிடிச்சு ஊர் வந்து சேர்ந்திருந்தேன். ரெண்டாம் நாள் ராத்திரி அம்மாவுக்கு உதட்டுல ஆரம்பிச்ச வீக்கம் நாக்குக்குப் போயிருச்சு. ரோட்டுல விழுந்து கிடந்த மரத்தையெல்லாம் சித்தப்பாக்கள் கோடாலியால வெட்டி வெட்டி வழி பண்ண, ஒரு ஆம்னி வண்டில கொண்டு போனோம். ஆஸ்பத்திரியில அவில் போட்டாங்க, ஸ்டீராய்டு போட்டாங்க. ஒண்ணும் கேட்கலை. டூட்டியில இருந்த சின்ன வயசு டாக்டரம்மா ஒருத்தங்கதான் நின்னு கேட்டாங்க, "உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி வந்திருக்கா?"

என் அம்மாவோட வாழ்க்கையிலேயே அந்தக் கேள்வியை முதல் தடவை ஒருத்தர் கேட்டாங்க. அம்மாச்சி கதையைச் சொன்னேன். உடனே பிளாஸ்மா ஏத்தினாங்க. மெல்ல மெல்ல வீக்கம் இறங்குச்சு. பிறகு சென்னையில ரத்தப் பரிசோதனை பண்ணினதில் பேர் தெரிஞ்சுது. ஹெரிடிட்டரி ஆஞ்சியோஎடிமா, தமிழ்ல பரம்பரை வீக்க நோய்னு சொல்லலாம். சுமார் 50,000 பேருக்கு ஒருத்தருக்கு வரும்.

பேர் தெரிஞ்சதும் நான் பண்ணின முதல் வேலை உட்கார்ந்து படிச்சதுதான். நம்ம பாஷையில சொல்றேன். சாதாரண அலர்ஜி வீக்கத்துல வில்லன் ஹிஸ்டமின். அதுக்கு அவில் சரி. இந்த நோயில வில்லன் பிராடிகைனின். ரத்தக்குழாயைக் கசிய வைக்கிற ஒரு சின்ன புரோட்டீன் துண்டு. அது அளவுக்கு மேல உருவாகாம பார்த்துக்கறதுக்கு சி1 இன்ஹிபிட்டர்னு ஒரு காவல்காரன் உடம்புல இருக்கான். இந்தக் குடும்பங்கள்ல அவனை உருவாக்குற ஜீன்ல பிழை. காவல் குறைஞ்சா லூப் நிக்காம ஓடுது, நீர் கசிஞ்சு வீங்குது. ஹிஸ்டமினே காரணம் இல்லாத இடத்துல அவில் என்ன பண்ணும்? தப்பு சர்வரை ரீஸ்டார்ட் பண்ற மாதிரிதான்.

1888-லயே வில்லியம் ஆஸ்லர்ங்கற டாக்டர், ஒரே குடும்பத்துல ஐந்து தலைமுறையா இது வந்ததை எழுதி வச்சிருக்கார். சி1 இன்ஹிபிட்டர் குறைபாடுதான் காரணம்னு கண்டுபிடிச்சது 1963-ல். பிராடிகைனினைக் கண்டுபிடிச்ச கதை இன்னும் சுவாரசியம். 1949-ல பிரேசில்ல ஜராராக்காங்கற விரியன் பாம்போட விஷத்தை வச்சு ஆராயும்போது கண்டுபிடிச்சாங்க. பின்னாடி அதே பாம்பு விஷத்துல, பிராடிகைனின் உடையாம தடுக்குற பொருளும் கிடைச்சுது. அந்த வழியா வந்ததுதான் 'ப்ரில்'னு பேர் முடியுற பிரஷர் மாத்திரைகள். ஊருக்கெல்லாம் நல்ல மாத்திரை, எங்க அம்மா மாதிரி ஆளுங்களுக்கு ஆகாது. கஜாவுக்கு ரெண்டு மாசம் முன்னாடி அம்மாவுக்கு பிரஷருக்கு எழுதிக் கொடுத்திருந்தது அந்த வகை மாத்திரைதான். எழுதினவர் மேல தப்பு சொல்ல முடியாது. நோயோட பேரே எங்களுக்குத் தெரியாதப்ப அவருக்கு எப்படித் தெரியும்?

இப்ப ஊசிக்கு வர்றேன். இகாட்டிபேன்ட், பிராடிகைனின் போய் உட்காருற பி2 ஏற்பியில முந்திக்கிட்டு உட்கார்ந்துக்கும். துண்டு போட்டு சீட்டு பிடிக்கிற மாதிரி :-) 2008-ல ஐரோப்பாவுலயும் 2011-ல அமெரிக்காவுலயும் அனுமதி கிடைச்சுது. 3 மில்லி சிரிஞ்சில் 30 மில்லிகிராம். தொப்புளுக்குக் கீழ ஓரமா, தோலுக்கு அடியில, மெதுவா ஏத்தணும். நோயாளி தானே போட்டுக்கலாம்ங்கறதுதான் விசேஷம். போட்ட இடம் சிவந்து எரியும், கொஞ்ச நேரத்துல சரியாயிரும். 25 டிகிரிக்கு மேல சூடு ஆகாது, உறையவும் கூடாது. எங்க ஊர் சித்திரை வெயிலுக்கு ஃப்ரிட்ஜை விட்டா வேற கதி இல்லை.

நாங்க சொந்த உபயோகத்துக்குன்னு இறக்குமதி செய்யற வழியில போனோம். படிவம் 12ஏ-ல விண்ணப்பம், 12பி-ல அனுமதி, டாக்டர் சீட்டு, காத்திருப்பு. 2023-ல ஒரு வழியா முதல் ஊசி வந்துச்சு. தெர்மாகோல் பெட்டியில ஐஸ் பை வச்சு, ராத்திரி பஸ்ஸுல மடியிலயே வச்சுக்கிட்டு ஊருக்குக் கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரர் "என்ன தம்பி, மீனா?"ன்னு கேட்டார்.

அம்மா அதை வாங்கி மாவுத் தூக்குக்குப் பின்னாடி வச்சாங்க. "யாருக்கும் சொல்லாதடா. உனக்குப் பொண்ணு பார்க்கணும்."

ஏன்னா இது அம்மாவோட முடியுற கதை இல்லை. ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. என்னையும் பரிசோதனை பண்ணிக்கச் சொல்லி டாக்டர் 2018-லயே சொல்லியாச்சு. நாள் பூரா அடுத்தவன் கோடை டெஸ்ட் பண்ற நான், என் ரத்தத்தை டெஸ்ட் பண்ணாம தள்ளிக்கிட்டே வந்தேன். காலேஜ்ல பரீட்சை சமயத்துல ரெண்டு நாள் சுருண்டு படுக்க வைக்கிற வயித்துவலி வரும். ஹாஸ்டல் சாம்பார் மேல பழியைப் போட்டேன். இந்த நோய்ல குடலும் வீங்கும்னு படிச்ச பிறகும் சாம்பார்தான்னு சாதிச்சேன்.

2025 தை மாசம். அப்பா தாயாதி வீட்டுக் கல்யாணத்துக்குப் பேராவூரணி போயிருந்தார். காலையில விறகு ஒடிச்சதுல அம்மாவுக்கு வலது கை வீங்கியிருக்கு. "கைதானே, தானா வத்திரும், விலை கூடுன ஊசி"ன்னு விட்டுட்டாங்க. ராத்திரி 11 மணிக்கு சோழிங்கநல்லூர் ரூம்ல இருந்த எனக்கு போன். அம்மா குரல் அம்மா குரலாவே இல்லை. கரகரன்னு, பாதி வார்த்தை முழுங்கி, "தொண்டை... கை மடங்கல... ஊசி பிடிக்க முடியல..."

அடுத்த வீடு அத்தை வீடு. அப்பாவோட அக்கா. எனக்குப் பொண்ணு பார்த்துக்கிட்டு இருக்கறதே அவங்கதான், அவங்க வீட்டுக்காரர் வழிச் சொந்தத்துல. அம்மா முக்கியமா யாருக்குத் தெரியக்கூடாதுன்னு நினைச்சாங்களோ, அவங்க.

போன் போட்டேன். அத்தை ஓடிப் போய்ப் பார்த்துட்டு, "ஏதோ பூச்சி கடிச்சிருச்சு போல, கம்பவுண்டரைக் கூப்பிடவா?"ன்னாங்க.

"வேணாம் அத்தை. ஃப்ரிட்ஜ்ல மாவுத் தூக்குக்குப் பின்னாடி ஒரு டப்பா இருக்கு. அதை எடுங்க. பரம்பரை நோய் அத்தை. அம்மாச்சி இதுலதான் செத்துச்சு."

ஒரு நொடி சத்தம் இல்லை. அப்புறம் டப்பா திறக்குற சத்தம். "சக்கரை ஊசி மாதிரிதான? வயித்துலதான?" அத்தை பல வருஷமா இன்சுலின் போட்டுக்கறவங்க. எனக்கு அது அப்பத்தான் உறைச்சுது. வீடியோவுல பார்த்துப் பார்த்துச் சொன்னேன். "இம்புட்டு மருந்தாடா?"ன்னாங்களே தவிர கை நடுங்கலை. மெதுவா, அரை நிமிஷம் எண்ணி ஏத்தினாங்க. பக்கத்து வீட்டுக் கார்லயே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாங்க. தொண்டை வீக்கம்னா ஊசி போட்டாலும் ஆஸ்பத்திரி போயே ஆகணும். ஒரு மணி நேரம் கழிச்சு அம்மா போன்ல "டேய் தம்பி"ன்னாங்க. கரகரப்பு கொஞ்சம் குறைஞ்சிருந்துச்சு. நான் ரூம் பாத்ரூம்ல போய் உட்கார்ந்து அழுதேன். (ரூம் மேட் யாராவது இதைப் படிச்சா, அன்னைக்கு சோப்பு கண்ணுல பட்டுருச்சுன்னு சொன்னது பொய்.)

மறுநாள் ஊருக்குப் போனேன். அத்தை திட்டுவாங்கன்னு தெரியும். இப்படித் திட்டுவாங்கன்னு எதிர்பார்க்கலை. "எனக்குச் சக்கரைன்னு ஊருக்கே தெரியும்டா. அதனாலதான் நான் பூக்கடை வாசல்ல மயங்கி விழுந்தப்ப எவனும் பேயோட்டல, வாயில சீனியைப் போட்டான். உங்க அம்மாச்சிக்குத்தான் நோய் பேரு தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சும் ஒளிச்சு வச்சா, அவளுக்கும் உங்களுக்கும் என்னடா வித்தியாசம்?"

அந்த வாரமே ரத்தம் கொடுத்தேன். சி4 குறைவு, சி1 இன்ஹிபிட்டரும் குறைவு. சாம்பார் குற்றமற்றவர் என விடுதலை.

பொண்ணு வீட்டுல நானே பேசினேன். பாதிக்குப் பாதி கணக்கையும் சேர்த்துச் சொன்னேன். யோசிச்சுச் சொல்றோம்னாங்க. இன்னும் சொல்லலை. சொல்லாமப் போனாலும் குறை இல்லை. அந்தப் பொண்ணு மட்டும் போன்ல ஒண்ணு கேட்டாங்க: "இப்ப கையில எத்தனை ஊசி இருக்கு?" ரெண்டுன்னேன். ஊர்ல ஒண்ணு, என் ரூம்ல ஒண்ணு.

இப்ப டப்பா ஃப்ரிட்ஜ்ல முன் தட்டுல இருக்கு. கதவுல அப்பா கையெழுத்துல பெரிய எழுத்துல ஒரு தாள்: நோய் பேரு, ஊசி பேரு, போடுற இடம், டாக்டர் நம்பர், 'அவில் கேட்காது', 'ப்ரில் மாத்திரை கூடாது'. வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் படிச்சுட்டு அம்மாகிட்ட விசாரிக்கிறாங்க. அம்மாவும் உட்கார வச்சு, காபி கொடுத்து, அம்மாச்சி கதையிலிருந்து ஆரம்பிக்கிறாங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை, வெறும் பொட்டி தட்டுறவன். ஆனா உங்க சொந்தத்துல யாருக்காவது அரிப்பில்லாத வீக்கம் திரும்பத் திரும்ப வந்து, அவிலுக்குக் கேட்காம, ரெண்டு மூணு நாள்ல தானா வத்துதுன்னா, டாக்டர்கிட்ட சி4 பார்க்கலாமான்னு ஒரு வார்த்தை கேளுங்க. முக்கியமா, அவங்க அம்மாச்சிக்கு என்ன ஆச்சுன்னும் சொல்லுங்க.