பனியன் தாத்தா

போன மார்கழியில் ஒரு காலை, ஓசூர் ராமநாயக்கன் ஏரிக்கரையில் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தேன். கூட நடக்கும் நண்பர், கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், என்னைப் பார்த்ததும் சிரித்தார். "என்ன சார், பனியன்ல ஓட்டை இருக்கு போல. மருமககிட்ட சொல்லிப் புதுசு வாங்கக் கூடாதா?" என்றார். நானோ சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு, தலையில் மஃப்ளர் சுற்றியிருந்தேன். ஓசூர்க் குளிரைப் பற்றி இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் பனியன் இவருக்கு எப்படித் தெரியும்?

அவர் செல்போனை எடுத்துக் காட்டினார். எங்கள் வீட்டு ஹால். மருமகள் இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறாள். விடியற்காலை நாலரைக்கு எழுந்தது, டிக்காஷன் இறக்கியது, ஆறு புடவைக்கு மடிப்பு வைத்தது என்று தன் காலைப் பொழுதைச் சொல்லிக்கொண்டே வருகிறாள். பின்னால் நாற்காலியில், அக்குளுக்குக் கீழே கிழிந்த பனியனோடு, வாயைத் திறந்தபடி பேப்பர் படித்துக்கொண்டிருப்பது நான். தலைக்கு மேல் ஓர் அம்புக்குறி போட்டு, "எங்க வீட்டு பிரெஞ்சு தாத்தா" என்று எழுதியிருந்தது. 38 ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

முப்பத்தைந்து வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவன் நான். இஸ்திரி போட்ட சட்டை இல்லாமல் தெருவில் இறங்கியதில்லை. அன்றைக்கு ஏரியை இரண்டாவது சுற்று சுற்றாமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

மருமகளின் தொழிலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணப் பெண்ணுக்குப் புடவை கட்டிவிடுவதும், எந்த நிறத்துக்கு எந்த ரவிக்கை, எந்த நகை, எப்படிக் கொண்டை என்று யோசனை சொல்வதும் அவள் வேலை. பெர்சனல் ஸ்டைலிஸ்ட் என்று அட்டை அடித்து வைத்திருக்கிறாள். இதைவிட அதிகம் வருமானம் தருவது ப்ரீ-ப்ளீட்டிங். வாடிக்கையாளரின் உயரம், இடுப்பளவு வாங்கிக்கொண்டு, முந்தானைக்கும் கொசுவத்துக்கும் மடிப்பு வைத்து, கிளிப் போட்டு, இஸ்திரி போட்டு, பெட்டியில் வைக்கிற மாதிரி மடித்துக் கொடுத்துவிட வேண்டும். எடுத்து ஐந்து நிமிஷத்தில் கட்டிக்கொள்ளலாம். ஒரு புடவைக்கு 300 ரூபாய். ஷிஃப்டுக்கு ஓடும் பெண்கள் நிறைந்த ஊரில் இதற்குக் கிராக்கி உண்டு.

ஓசூரில் இந்த வேலை மற்ற ஊர்களைவிடக் கொஞ்சம் சிரமம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே மண்டபத்தில் பெண் வீடு தெலுங்கு, மாப்பிள்ளை வீடு கன்னடம், சமையல்காரர் தமிழ். தெலுங்குக்காரர்களுக்கு முகூர்த்தத்துக்கு மதுபர்க்கம் என்கிற வெள்ளைப் புடவை வேண்டும். குடகிலிருந்து பெண் எடுத்தால் கொசுவம் முதுகுப் பக்கம் போய்விடும். ஐயங்கார் வீட்டில் மடிசார். எல்லாம் கற்று வைத்திருக்கிறாள். கொல்கத்தாவில் டாலி ஜெயின் என்பவர் புடவை கட்டிவிடுவதையே தொழிலாக்கி, நடிகைகளுக்கும் அம்பானி வீட்டுக் கல்யாணத்துக்கும் கட்டிவிடும் அளவுக்கு உயர்ந்தவராம். அவருடைய வீடியோக்களைப் பார்த்துத்தான் இவள் ஆரம்பித்தாள்.

ஆரம்பித்தது 2020 கொரோனாவில். என் மகன் சிப்காட்டில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் இருந்தான். ஊரடங்கில் பாதிச் சம்பளம், பிறகு வேலையே இல்லை. ஜுஜுவாடிக்கும் அத்திப்பள்ளிக்கும் நடுவே எல்லையை அடைத்துவிட்டதால் பெங்களூர்ப் பக்கமும் போக முடியவில்லை. அந்த ஜூன் கடைசியில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். ஜூலையில் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் வந்தது. வீட்டிலிருந்த நாலு புடவையை வைத்துக்கொண்டு மருமகள் வீடியோ போட ஆரம்பித்தாள். மகனுக்கு வேறு வேலை கிடைக்க ஒன்றேகால் வருஷம் ஆனது. அதுவரை வீட்டுக் கடன் தவணை போனது இந்தக் கொசுவ மடிப்பில்தான். அதை நான் மறந்துவிட்டுப் பேசக் கூடாது.

ஏரிக்கரையிலிருந்து திரும்பியதும் கேட்டேன். "ஏம்மா, புடவையைக் காட்டினால் போதாதா? நம் வீட்டு டிக்காஷனும் என் பனியனும் எதுக்கு?"

அவள் கோபப்படவில்லை. "மாமா, புடவையை மட்டும் காட்டினப்போ முந்நூறு பேர் பார்த்தாங்க. நானும் பாப்பாவும் கோலம் போடறதைப் போட்டேன், பன்னிரண்டாயிரம் பேர். அடுத்த வாரம் பாகலூர்ல இருந்தும் கிருஷ்ணகிரில இருந்தும் ரெண்டு கல்யாணம் வந்துச்சு" என்றாள். பிறகு ஒன்று சொன்னாள். "கல்யாணப் பொண்ணு துணி மாத்தற ரூமுக்குள்ள, அவங்க அம்மாவுக்கு முன்னாடி நான் நுழையறேன். நகையெல்லாம் அங்கதான் இருக்கும். முகம் தெரியாதவளை விடுவாங்களா? வீட்ல மாமனார் இருக்கார், குழந்தை இருக்கு, காலைல எழுந்து கோலம் போடறாள்னு பாத்துட்டுத்தான் கூப்பிடறாங்க."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. காரணம் என் பழைய உத்தியோகம்.

நான் புதுச்சேரிக்காரன். படித்தது பிரெஞ்சில். 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி ஊர் கைமாறியபோது எனக்குப் பதினோரு வயது. பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். என் அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. அதனால்தான் சித்தப்பா மகன் பாரிஸில் பென்ஷன் வாங்குகிறான், நான் இங்கே வாங்குகிறேன். அது வேறு கதை. படித்த பிரெஞ்சு வீணாகவில்லை. பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் இருக்கும் பிரிவில் குமாஸ்தாவாகப் போட்டார்கள். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் பார்த்து நகல் எழுதுவது என் வேலை.

அந்தப் பழைய ஏடுகளில் ஒரு குழந்தையின் பிறப்பைப் பதிவதற்குக்கூட இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். பெயர், வயது, தொழில், எந்தத் தெரு என்று எல்லாம் இருக்கும். பக்கத்து வீட்டு நெசவாளியோ, எதிர்வீட்டு சொல்தாவோ வந்து, ஆமாம், இவர்களை எனக்குத் தெரியும் என்று சொன்ன பிறகுதான் அது பதிவு. மருமகள் சொன்னதும் எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது. ஓசூரில் யாருக்கு யாரைத் தெரியும்? வேலைக்காக வந்து இறங்கியவர்கள் பாதிப் பேர். பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒடியா, மாடியில் இருப்பவருக்கு இந்தி. சாட்சி சொல்ல ஆள் இல்லாத ஊரில், என் கிழிந்த பனியன் சாட்சி சொல்லியிருக்கிறது.

ஆனால் அதே ஏடுகளின் ஓரத்தில் சிறு எழுத்தில் பிற்குறிப்புகள் இருக்கும். யார் யாரை மணந்தார்கள், எப்போது பிரிந்தார்கள், எந்தக் குழந்தையை எந்தத் தகப்பன் எத்தனை வருஷம் கழித்துத் தன் பிள்ளை என்று ஒப்புக்கொண்டான். முழு நகல் என்றால் சம்பந்தப்பட்டவருக்கும் அவருடைய நெருங்கிய குடும்பத்துக்கும் மட்டுமே தர வேண்டும் என்று எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த பெரியவர் முதல் நாளே சொல்லிவிட்டார். ஊரில் பெரிய மனிதர்கள் என்று நடமாடிய சில குடும்பங்களின் ஓரக் குறிப்புகள் எனக்கு மனப்பாடம். என் மனைவியிடம்கூட ஒன்றையும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை.

பனியன் விஷயத்தை அதோடு விட்டுவிட்டேன். இரண்டு புதுப் பனியன் வாங்கிக்கொண்டேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். பேத்தி பள்ளியிலிருந்து வந்து பையை வீசிவிட்டு என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். சுருட்டை முடி. தினமும் காலையில் சிக்கெடுக்கும்போது அழுவாள், அது எங்கள் வீட்டில் சுப்ரபாதம் மாதிரி. ஒரு நாள் அந்த அழுகையை, மூக்கொழுகலோடு, மருமகள் வீடியோ எடுத்துப் போட்டிருக்கிறாள். தலைப்பு, 'ஸ்டைலிஸ்ட் மகளாப் பொறந்தா இப்படித்தான்'. ரொம்பப் பேர் ரசித்திருக்கிறார்கள். வகுப்பில் இரண்டு பையன்கள் அவளைப் பார்க்கும்போதெல்லாம் அதே குரலில் அழுது காட்டுகிறார்களாம்.

அன்று இரவு நான் கொஞ்சம் நீளமாகவே பேசினேன். இன்றும் செல்போனில் பிரெஞ்சுப் பத்திரிகை படிக்கிற பழக்கம் எனக்கு உண்டு. 2020 அக்டோபரில் பிரான்சில் ஒரு சட்டம் வந்தது. பதினாறு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளை வைத்து வீடியோ போட்டுச் சம்பாதித்தால், ஓர் அளவுக்கு மேல் வரும் பணத்தை அரசுக் காப்பில் கட்டிவிட வேண்டும். பிள்ளை வயதுக்கு வந்த பிறகுதான் எடுக்கலாம். அந்தப் பிள்ளை தானே கேட்டால் போதும், பெற்றோர் சம்மதம் இல்லாமலே வீடியோவை நீக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் இன்னொரு சட்டம். பிள்ளையின் படத்தைக் காப்பது தாய் தகப்பன் இருவருக்கும் பொறுப்பு, வயதுக்கும் பக்குவத்துக்கும் தகுந்தபடி பிள்ளையையும் கேட்க வேண்டும் என்று. நம் நாட்டிலும் ஒன்றுமில்லாமல் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அந்த வழக்கைப் போட்ட புட்டசாமி நம் பக்கத்து மாநிலத்து ஓய்வு பெற்ற நீதிபதியாக இருந்தவர், என்னைவிட மூத்தவர். 2023-இல் வந்த தகவல் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையின் விவரத்துக்குப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஒப்புதல் தர வேண்டிய பெற்றோரே கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்தால் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

மருமகள் எல்லாவற்றையும் கேட்டாள். "பிரான்ஸ்ல புருஷனுக்கு வேலை போனா அரசாங்கம் மாசாமாசம் பணம் தரும்ல மாமா?" என்றாள்.

தரும். மகன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான்.

சற்று நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே எழுந்துபோய் அந்த வீடியோவை அழித்தாள். அழித்துவிட்டுத் தேடினால், அதை எடுத்து வேறு மூன்று பேர் தங்கள் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். புகார் கொடுத்ததில் இரண்டு போய்விட்டன. ஒன்று, அழுகைக்குப் பதில் ஏதோ இந்திப் பாட்டு போட்டது, இன்னும் இருக்கிறது. மருமகள் அதை வாரம் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். அவள் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

மறுநாள் குழந்தையைக் கூப்பிட்டு உட்கார வைத்து, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டோம். என் பேச்சையெல்லாம் அவள் இரண்டு வரியில் முடித்துவிட்டாள். "சிக்கெடுக்கும்போது எடுக்காதே. ஜடை போட்டு பூ வெச்சதுக்கப்புறம் எடு." கோலம் போடுவது? "அது எடு. அது நல்லா இருக்கும்." மகனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். இப்போது குழந்தை பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் எதுவும் போகிறது. சில நாள் வேண்டாம் என்கிறாள், காரணம் சொல்வதில்லை. ஆர்டர் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அது மாசி பங்குனிக்கு வழக்கமானதா, இதனாலா என்று சொல்ல முடியாது.

சித்திரையில் ஒரு நாள் மருமகள் தயங்கித் தயங்கி வந்தாள். "மாமா, அத்தையோட கூறைப் புடவையை ஒரு தடவை மடிச்சுக் காட்டட்டுமா? பழைய பட்டை எப்படி மடிக்கணும்னு நிறைய பேர் கேக்கறாங்க." 1977-இல் காஞ்சிபுரத்தில் எடுத்தது. அரக்கு. என் மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது, அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை நான் திறந்ததில்லை. யாருடைய புடவை என்று சொல்லக் கூடாது, முந்தானையில் நைந்துபோன இடத்தைக் காட்டக் கூடாது என்றேன். சரி என்றாள்.

மடிப்பு ஒரே இடத்தில் விழுந்தால் ஜரிகை முறிந்துவிடும், அதனால் மாற்றி மாற்றி மடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மடித்தாள். அவள் கை மட்டும்தான் வீடியோவில். விளக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றது நான். சட்டை போட்டிருந்தேன்.