அடி வாங்கவும் பழக வேண்டும்

ஆட்டம் மாலையில்தான். பந்தெறியும் பிட்சர்களுக்கோ பிற்பகலிலேயே வேலை தொடங்கிவிடுகிறது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ ஒரு காலத்தில் டெனிம் ஆலைகளுக்குப் பேர்போன ஊர். நகரின் நடுவே உள்ள மைதானம் கிராஸ்ஹாப்பர்ஸ் என்ற பேஸ்பால் அணியுடையது. அங்கே பிட்சர்கள் பயிற்சி செய்யும் புல்பென்னில் 20 வயது இளைஞர் ஒருவர் எறிந்துகொண்டிருந்தார். டொமினிக்கன் குடியரசில் 16 வயதில் ஒப்பந்தமாகி, கடல் தாண்டி வந்தவர்.

அவருடைய ஃபாஸ்ட்பால் மணிக்கு 95 மைல், ஏறக்குறைய 153 கிலோமீட்டர். பிட்சர் நிற்கும் மவுண்டிலிருந்து பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட் வரை 60 அடி 6 அங்குலம். பேட்டருக்குக் கிடைக்கும் அவகாசம் 0.4 விநாடி. இதற்கு மேல் என்ன வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆனால் வேகம் மட்டும் இருந்தால், மேல்மட்டத்து பேட்டர்கள் இரண்டாம் முறை ஆட வரும்போதே அதற்குப் பழகிவிடுவார்கள். அதனால்தான் அவர் இப்போது சேஞ்ச்அப் கற்கிறார். கை ஃபாஸ்ட்பாலுக்குச் சுழலும் அதே வேகத்தில் சுழல வேண்டும். பந்து மட்டும் எட்டுப் பத்து மைல் தளர்ந்து வர வேண்டும். விரல்நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைப் பக்கம் ஆழமாகப் பதித்துப் பிடிப்பதில்தான் சூட்சுமம். கிரிக்கெட் போல் பந்து தரையில் பட்டுத் திரும்பாது. செய்வதையெல்லாம் காற்றிலேயே செய்தாக வேண்டும்.

பழகாத கை பந்தை மெதுவாக அனுப்ப நினைத்ததும் தானும் மெதுவாகிவிடுகிறது. பேட்டரின் கண் அதை உடனே பிடித்துவிடும். பயிற்சியாளர் அதிவேகக் கேமராவில் ஒவ்வொரு வீச்சையும் நிறுத்தி நிறுத்திக் காட்டினார். "கை தூங்குது" என்றார். எறிந்த பந்தைப் பிடிக்கும் கேட்சர் அதை ஸ்பானிஷில் சொன்னார். அந்த கேட்சரும் ஒரு பையன்தான். தாழ்ந்து மண்ணில் குத்திய பந்துகளையெல்லாம் மார்பில் வாங்கி, "நல்லாருக்கு, இன்னொண்ணு" என்று கையுறையை மறுபடி அதே இடத்தில் வைத்தார். பிட்சரை உருவாக்குகிறவர்களின் பட்டியலில் கேட்சரின் பெயர் ஏனோ யாருக்கும் நினைவு வருவதில்லை.

பேஸ்பாலின் உச்சப் படியான மேஜர் லீகின் 30 அணிகளுக்கும் கீழே நான்கு படிகள், மொத்தம் 120 மைனர் லீக் அணிகள். கிரீன்ஸ்பரோ கீழிருந்து இரண்டாம் படியான ஹை-ஏ. ஆட்டக்காரர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும் சம்பளம் தருவது மேஜர் லீக் அணியான பிட்ஸ்பர்க் பைரட்ஸ். டிக்கெட், தின்பண்டம், மைதானம் எல்லாம் உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பு. ஆகவே டிக்கெட் வாங்கியவர் வெற்றியைப் பார்க்க வருகிறார். மவுண்டில் நிற்பவரோ பாடம் படிக்க அனுப்பப்பட்டவர். இந்த விளையாட்டில் எனக்கு மிகவும் பிடித்துப்போனது இந்த முரண்தான்.

அந்த இளைஞர் எறிந்த சனிக்கிழமை ஆட்டத்தில் அது கண்முன் நடந்தது. மூன்றாம் இன்னிங்ஸில் சேஞ்ச்அப் ஒன்று தாழாமல் நடுவில் மிதந்து வந்தது. பேட்டர் அதை வேலிக்கு வெளியே அனுப்பினார். அடுத்த பேட்டருக்கும் கேட்சர் அதையே கேட்டார். இன்னொரு ரன் போனது. மறுபடியும் அதே. "ஃபாஸ்ட்பால் போடத் தெரியாதா?" என்று எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். தெரியும். அதைப் போட்டால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதும் தெரியும். தெரிந்தே, ஆயிரக்கணக்கானோர் பார்க்க, தனக்கு வராத ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும்!

எண்பது பந்து ஆனதும் அவரை மவுண்டிலிருந்து இறக்கிவிட்டார்கள். எல்லாம் முழங்கையைக் காப்பாற்றத்தான். உட்புறத் தசைநார் அறுந்தால் ஓராண்டுக்கு மேல் போய்விடும். 1974-இல் டாக்டர் ஃபிராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்சரின் வலக்கையிலிருந்து ஒரு தசைநாண் எடுத்து இடது முழங்கையில் கட்டினார். ஜான் 1976-இல் திரும்பி வந்து 1989 வரை எறிந்தார். அந்த அறுவைக்கு இன்றும் அவர் பெயர்தான். ஆனால் எல்லோரும் அப்படித் திரும்புவதில்லை.

கூலியும் நெடுங்காலம் மோசமாகவே இருந்தது. இந்தப் படியில் ஆண்டுக்கு 11,000 டாலராக இருந்தது, மைனர் லீக் ஆட்டக்காரர்களின் முதல் கூட்டு ஒப்பந்தத்துக்குப் பிறகு, 2023-இல் 27,300 ஆனது. வீட்டு வாடகையை அணிகள் ஏற்றதும் அதற்கு முந்தைய ஆண்டுதான். இந்த நியாயம் இவ்வளவு தாமதமாக வந்திருக்க வேண்டியதில்லை.

ஆட்டம் முடிந்தபின் இளைஞர், கேட்சர், பயிற்சியாளர் மூவரும் டக்-அவுட் பெஞ்சில் கேமரா பதிவைப் பார்த்தார்கள். ரன்களைப் பற்றிப் பேச்சே இல்லை. ஹோம் ரன் போன பந்திலும் கை தூங்கவில்லை என்பதைப் பயிற்சியாளர் காட்டினார். பிடி மட்டும் சற்று நழுவியிருந்தது. அடுத்த வாரம் இடக்கை பேட்டர்களுக்கும் இருபது சேஞ்ச்அப் போட வேண்டும் என்றார். இளைஞர் ஏதோ கேட்டார்.

"முப்பது போடட்டுமான்னு கேக்குறான்" என்றார் கேட்சர்.

"இருபதுதான்."