கேட்டுச் செய்வோம்

2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 10ஆம் நாள், சென்னையையும் இந்தத் தீவுகளையும் இணைக்கும் கடலடி ஒளியிழை வடம் திறந்து வைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர். கப்பலில் மூன்று நாள் தொலைவிலுள்ள அன்னையின் முகத்தை இரவுதோறும் கைபேசியில் காண்கிறேன். அறிவியல் தந்த இப்பேற்றை மறுப்பார் யார்?

ஆயினும் நண்பர்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். சென்ற ஆண்டு ஊரில் காய்ச்சலில் கிடந்த என் தங்கையை மாமா படமெடுத்து, உறவினர் வாட்ஸ்அப் குழுவில் இட்டுவிட்டார். அன்பினால்தான் இட்டார். அவளோ, “என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, அண்ணா” என்று கண் கலங்கினாள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. நிறுவனங்களுக்கு வரம்பு கட்டும் அச்சட்டம், ஒருவர் தம் சொந்தத் தேவைக்கோ வீட்டுத் தேவைக்கோ கையாளும் தகவல்களுக்குப் பொருந்தாது. அதுவும் முறையே. தாய்மாமன்மீது வழக்காடவா முடியும்?

ஆகவே, சட்டம் நுழையாத வீட்டில் நம் பண்பாடுதான் காவல். விடுதியும் நமக்கு வீடே. நாம் வீட்டாரோடு முகம் பார்த்துப் பேசும்போது, குளித்துவிட்டுத் துண்டோடு வரும் அறைத்தோழனின் உருவமும் கடல் கடந்து போகிறது! “இப்போது பேசலாமா?” என்று அவனை முதலில் கேட்போம். படமெடுத்தால், அனுப்புமுன் கேட்போம். கேட்பதால் அன்பு குறையாது, வளரும்.