பெற்றோலைச் சேமிப்பதும் பதுக்குவதும்

எரிபொருள் விலை உயரப்போகிறது என்றொரு செய்தி கைப்பேசியில் வந்துவிட்டால், மஃரிபுக்கு முன்னரே எமது ஊர் எரிபொருள் நிரப்பு நிலையத்தில் வரிசை நீண்டுவிடுகிறது. தாங்கி பாதிக்கு மேல் நிறைந்திருப்பவரும் அதில் நிற்கிறார். அவரைக் குறைகூற நாம் இதனை எழுதவில்லை. 2022ஆம் ஆண்டை இலங்கையில் கடந்து வந்த எவருக்கும் அந்த அச்சம் நியாயமானதே. எனினும், வரிசையில் நிற்போர் சிலரின் கைகளில் வெற்றுக் கேன்களையும் காணும்போது, அவ்வாண்டு எமது மத்ரஸாவில் எழுந்த ஒரு கேள்வியை எழுதிவைப்பது நல்லதெனத் தோன்றுகிறது.

தமிழகத்திலும் வளைகுடாவிலும் இருந்து வாசிக்கும் சகோதரர்களுக்காகச் சில எண்களை முதலில் கூறிவிடுகிறோம். 2021 டிசம்பர் இறுதியில் 92 ஒக்டேன் பெற்றோல் ஒரு லீற்றர் 177 ரூபாய். டீசல் 121 ரூபாய். 2022 ஜூன் இறுதியில் அவை முறையே 470 ரூபாயாகவும் 460 ரூபாயாகவும் உயர்ந்தன. 2021 ஒக்டோபர் வரை 1,493 ரூபாயாக இருந்த 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாயானது. நாட்டிடம் டொலர் இல்லை. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அரசு அறிவித்தது. ஜூன் இறுதியில், ஜூலை 10 வரை அத்தியாவசியச் சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்ற அறிவிப்பு வந்தது. அவ்வாண்டு ஹஜ்ஜுப் பெருநாளும் அந்த ஜூலை 10ஆம் திகதியே வந்தது.

விலை உயர்வது வேறு. பொருளே இல்லாமற்போவது வேறு. விலை உயரும்போது ஏழை தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறான். வேதனைதான், ஆயினும் கணக்குப் போட முடிகிறது. பொருளே இல்லாதபோது, யாருக்கு யாரைத் தெரியும் என்பதே விலையாகிவிடுகிறது. எமது கிழக்குக் கரையோர ஊரில் இவ்விரண்டையும் ஆறே மாதங்களுக்குள் கண்டோம்.

மத்ரஸாவுக்கு முச்சக்கர வண்டியில் வந்த பிள்ளைகள் முதலில் நின்றார்கள். அடுத்து, பேருந்தில் வந்தவர்கள். மூன்று கிலோமீற்றருக்கு உட்பட்டவர்கள் நடந்து வந்தார்கள். அவர்களுள் ஒருவரும் தாமதித்து வரவில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். துருப்பிடித்துக் கூரையில் செருகிக் கிடந்த சைக்கிள்களெல்லாம் கீழே இறங்கின. பழைய சைக்கிளின் விலை, ஓராண்டுக்கு முன்னர் புதியதற்கு நாம் கொடுத்த விலையைத் தாண்டியது. கேஸ் அடுப்பு மூலைக்குப் போய், முற்றத்தில் மூன்று கல் அடுப்பு வந்தது. தென்னம்பாளை, மட்டை, சிரட்டை ஆகியவற்றுக்கும் காசு கொடுக்கவேண்டிய நிலை எமது தாய்மார்களுக்கு அதற்கு முன் வந்ததில்லை. ஏப்ரல் தொடக்கத்தில் வந்த ரமழானில் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சி முழுவதும் விறகில் காய்ச்சப்பட்டது. பெரியவர்கள் சிலர் சுவை கூடிவிட்டது என்றார்கள். புகையில் நின்று கிண்டியவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

மின்வெட்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை சென்றது. ஒலிபெருக்கி அடங்கியபோது, முஅத்தின் பள்ளியின் படியில் நின்று தன் தொண்டையால் பாங்கு சொன்னார். மூன்றாம் தெருவுக்கு அப்பால் அது எட்டவில்லை. ஆகவே, கேட்டவர்கள் கேட்காதவர்களின் கதவைத் தட்டிச் சென்றார்கள்.

மீனவர்களின் நிலையே மிகக் கடினம். சிறு படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, ஆகஸ்ட் மாதத்தில் அதன் விலையும் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஒரே இரவில் உயர்ந்தது. கடலுக்குப் போகாத நாளில் மீனவர் வீட்டில் மட்டுமா அடுப்பு எரியாது? ஐஸ் உடைப்பவர், கூடை சுமப்பவர், சைக்கிளில் மீன் விற்பவர் எனப் பல வீடுகள் அந்த ஒரு கேன் மண்ணெண்ணெயில் தொங்கிக்கொண்டிருந்தன.

இந்நிலையில்தான், ஜூன் மாதத்து வகுப்பொன்றில், வியாபாரப் பாடத்தின் பதுக்கல் பகுதியை நாம் நடத்திக்கொண்டிருந்தோம். நான்காம் ஆண்டு மாணவர் ஒருவர் எழுந்து, “ஹஸ்ரத், பெற்றோல் உணவா?” என்று கேட்டார். சிரிப்பு எழுந்தது. ஆனால், கேட்டவர் சிரிக்கவில்லை.

கேள்வியின் ஆழம் ஃபிக்ஹு படித்தவர்களுக்கு விளங்கும். பதுக்குபவன் பாவி என்ற கருத்திலமைந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. எந்தப் பொருளைப் பதுக்குவது என்பதில் இமாம்கள் வேறுபட்டார்கள். நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அது உணவுப் பொருள்களுக்கே உரியது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் உணவோடு ஏனைய பொருள்களையும் சேர்த்தார்கள். இமாம் அபூ யூஸுஃப் (ரஹ்) அவர்களோ, எதனை அடைத்து வைத்தால் மக்களுக்குத் தீங்கு நேருமோ அதுவெல்லாம் பதுக்கலே என்றார்கள். ஆகவே, மத்ஹபின் வார்த்தையை மட்டும் பிடித்துக்கொண்டால், வீட்டின் பின்புறத்தில் இருபது கேன் பெற்றோலை அடுக்கி வைத்திருப்பவர் பதுக்கல்காரர் அல்லர் என்று வாதிட இடமுண்டு.

அம்மாணவர் அத்தோடு நிற்கவில்லை. அந்த நபிமொழியின் அறிவிப்பாளர்களுள் ஒருவரான ஸஈத் இப்னுல் முஸய்யப் (ரஹ்) அவர்களே பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தார்கள் என்பதைச் சுட்டிக்காட்டினார். அது உண்மைதான். பேரீச்சங்கொட்டை, உதிர்த்த இலை, விதை ஆகியவற்றை அவர்கள் சேமித்ததாக அபூ தாவூதில் வருகிறது. கொட்டையும் இலையும் ஒட்டகத்தின் தீவனம். “அக்காலத்தில் வாகனத்துக்கு ஊற்றியது அதுதானே, ஹஸ்ரத்?” என்றார் மாணவர். எமது பதினெட்டு ஆண்டுக் கற்பித்தலில் இத்தகைய கூர்மையான இடைமறிப்பை அதிகம் கேட்டதில்லை.

அதற்கு விடை, சேர்க்கப்பட்ட பொருளில் மட்டுமன்றிச் சேர்த்த வேளையிலும் இருக்கிறது. இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இந்நபிமொழிக்கு எழுதிய விளக்கத்தில், தடுக்கப்பட்ட பதுக்கலுக்கு ஒரு வடிவம் சொல்கிறார்கள்: தட்டுப்பாடான, விலை ஏறிய காலத்தில் வியாபாரத்துக்காக வாங்கி, உடனே விற்காமல், இன்னும் ஏறட்டும் என்று அடைத்து வைப்பது. மலிவான காலத்தில் வாங்கி வைத்ததும், தன் வீட்டுத் தேவைக்கு வைத்திருப்பதும் அதில் சேராது. நபி (ஸல்) அவர்களும் தம் குடும்பத்துக்கு ஓராண்டுக்கான உணவை ஒதுக்கி வைத்தார்கள் என்பது ஸஹீஹான செய்தி. ஆகவே, வீட்டில் ஐந்து லீற்றர் வைத்திருக்கும் தகப்பனை யாரும் பாவி எனல் ஆகாது. நள்ளிரவில் பிரசவ வலி கண்டால் மருத்துவமனைக்குப் போகவேண்டியவர் அவர்தான். தடையின் நோக்கம் பொதுமக்களுக்கு ஏற்படும் தீங்கை நீக்குவதே என்றும் இமாமவர்கள் கூறுகிறார்கள். ஒருவரிடம் மட்டுமே உணவு இருந்து, மக்கள் வேறு வழியின்றித் தவித்தால், அவரை விற்கும்படி கட்டாயப்படுத்தலாம் என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளனர் என்பதும் அங்கேயே உள்ளது.

இங்கு மற்றொன்றையும் மாணவர்களுக்குச் சொன்னோம். மதீனாவில் விலை ஏறியபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு ஸஹாபாக்கள் வேண்டினார்கள். நபி (ஸல்) அவர்கள் அதற்கு இணங்கவில்லை. இதனை எடுத்துக்காட்டி, விலை அல்லாஹ்வின் கையில் உள்ளது, நாம் என்ன செய்வது என்று சில வியாபாரிகள் ஜும்ஆவுக்குப் பின் வாதிட்டதை எமது காதால் கேட்டோம். அல்லாஹ்வின் கையில் இருப்பது வேறு, இவர்களின் கொட்டிலில் இருப்பது வேறு. பொருள் இயல்பாகக் குறைந்து விலை ஏறுவதற்கும், சிலர் அடைத்து வைப்பதால் ஏறுவதற்கும் உள்ள வேறுபாட்டை இப்னு தைமிய்யா (ரஹ்) அவர்கள் ‘அல்-ஹிஸ்பா’வில் தெளிவாகப் பிரித்து, பின்னதில் ஆட்சியாளர் தலையிடலாம் என்கிறார்கள்.

பாடம் அவ்வளவில் முடிந்திருக்கலாம். முடியவில்லை. மத்ரஸாவின் மின்பிறப்பாக்கிக்கென்று இரண்டு கேன் பெற்றோலை ஒருவர் அன்பளிப்பாக அனுப்பி வைத்தார். எமது ஆசிரியர்களின் சம்பளத்துக்கு மாதந்தோறும் உதவிவந்தவர். அவரது கொட்டிலிலிருந்து லீற்றர் 2,000 ரூபாய்க்குப் பெற்றோல் விற்கப்படுவதை ஊரே அறியும். மாணவர்களும் அறிவர். அந்தக் கேள்வி எங்கிருந்து பிறந்தது என்பது அப்போதுதான் எமக்கு விளங்கியது.

நிர்வாகக் கூட்டத்தில் இரு கருத்துகள் எழுந்தன. ஒரு பெரியவர், “மௌலவி, அவர் நமக்கு விற்கவில்லையே, ஸதகாவாகத் தருகிறாரே” என்றார். பிள்ளைகள் இருட்டில் குர்ஆன் மனனம் செய்வதா என்றும் கேட்டார். அந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. இருட்டில் இருந்தவர்கள் நாற்பது பிள்ளைகள். ஹராம் என்று நாம் ஃபத்வா வழங்கவில்லை. அது எமது தகுதிக்கு மேற்பட்டது. ஆயினும், கொட்டிலில் இருக்கும் அந்த எண்ணெய்க்காகக் கரையில் படகுகள் கவிழ்ந்து கிடக்கும்போது, அதன் வெளிச்சத்திலேயே பதுக்கல் பாடத்தை நடத்த எமக்கு நா எழாது என்றோம். உணவை ஊருக்குக் கொண்டு வருவதும், நெல்லை அறுப்பதும், மீனைப் பிடிப்பதும் எதனால் நடக்கிறதோ அதனை உணவுக்கு வெளியே நிறுத்துவது எமது மனத்துக்கு ஒவ்வவில்லை. இமாம் அபூ யூஸுஃப் அவர்களின் கருத்து இக்காலத்துக்கென்றே சொல்லப்பட்டது போலிருந்தது. நீண்ட மௌனத்தின் பின் தலைவர் கேன்களைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

மூன்று மாதங்கள் அவரது உதவி வரவில்லை. ஆசிரியர்களின் சம்பளம் பிந்தியது. எமது வீட்டிலும் அது தெரிந்தது. சுப்ஹுக்குப் பின் பொழுது புலர்ந்ததும் வகுப்பைத் தொடங்கி, வெளிச்சத்தை வீணாக்காமல் பாடம் நடத்தினோம்.

வயற்புறத்து ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் சொன்ன வேறொரு செய்தியும் இதனோடு சேர்ந்தது. சிறுபோக வேளாண்மை கதிர் தள்ளும் வேளையில் யானைகள் வரும். அவற்றை விரட்டக் கொடுக்கப்படும் யானை வெடி அவ்வாண்டு அவர்களுக்கு வழக்கமான எண்ணிக்கையில் கிடைக்கவில்லை. உழவு இயந்திரத்தில் ஏறி விளக்கடித்து விரட்டலாமென்றால் டீசல் இல்லை. முந்தைய ஆண்டின் வெடிகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் தம் வரம்பில் நின்று போட்டார்கள். யானை அஞ்சி ஓடியது. ஓடி அடுத்தவரின் வயலில் இறங்கியது. இரண்டு இரவுகள் இவ்வாறே நடந்தன. மூன்றாம் நாள், கண்டத்திலிருந்த எல்லோரும் தம்மிடமிருந்த வெடிகளை ஒரே வாடியில் கொண்டுவந்து வைத்து, முறைபோட்டுக் காவல் இருந்தார்கள். யானை எந்தப் பக்கத்தால் இறங்குகிறதோ அந்தப் பக்கத்தில் வெடி. மற்ற இடங்களில் தகரம் தட்டினார்கள், நெருப்பு மூட்டினார்கள்.

இதனைக் கேட்டபோது, அஷ்அரீ குலத்தாரைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் புகழ்ந்துரைத்த செய்தியை எடுத்துக்கொண்டோம். போரிலோ ஊரிலோ உணவு குறைந்துவிட்டால், அவர்கள் தம்மிடமுள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டி, ஒரே பாத்திரத்தால் சமமாக அளந்து பகிர்ந்துகொள்வார்கள். அவர்கள் என்னைச் சார்ந்தவர்கள், நான் அவர்களைச் சார்ந்தவன் என்ற கருத்தில் நபியவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. வயலூர் மாணவர்களுக்கு அதனை விளக்கவேண்டிய தேவை இருக்கவில்லை.

ஜூலை மாதத்தில் கியூஆர் முறை அறிமுகமானது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், முச்சக்கர வண்டிக்கு 5 லீற்றர், காருக்கு 20 லீற்றர் என்று பங்கு வகுக்கப்பட்டது. குறைகள் இருந்தன. முச்சக்கர வண்டி ஓட்டி வாழ்பவருக்கு 5 லீற்றர் ஒரு நாளைக்கே போதாது. வாகனமே இல்லாத விதவையின் வீட்டுக்கு அந்தக் குறியீட்டால் பயனில்லை. ஆயினும் ஒரு பெரும் மாற்றம் நிகழ்ந்தது: நாட்கணக்கில் நீண்ட வரிசைகள் சில வாரங்களில் சுருங்கின. நாட்டுக்குள் வந்த கப்பல்கள் திடீரெனப் பெருகிவிடவில்லை. தமக்குரியது வாரந்தோறும் கிடைக்கும் என்ற உறுதி வந்தவுடன், கொட்டிலில் அடைக்கும் ஆசை பலருக்கு அகன்றது. 2,000 ரூபாய்க்கு விற்றவர்களிடம் கேட்பாரின்றிக் கேன்கள் மிஞ்சின. 2023 செப்டம்பரில் அந்த முறையும் நீக்கப்பட்டது.

எமது மஹல்லாவில் அதன்பின் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டோம். பள்ளிவாசலின் அலுமாரியில் ஒரு கொப்பி இருக்கிறது. இரவில் நோயாளியை ஏற்றிச் செல்ல வாகனம் தருவோரின் பெயர்களும், ஜனாஸாவுக்கென ஒவ்வொருவரும் ஒதுக்கச் சம்மதித்த லீற்றர்களும் அதில் எழுதப்பட்டுள்ளன. ஒருவர் 1 லீற்றர் என்றும், வேறொருவர் அரை லீற்றர் என்றும் எழுதியிருக்கிறார். அன்று கேன்களை அனுப்பியவரின் பெயர் அதில் இல்லை. ஸலாம் சொன்னால் பதில் சொல்கிறார், அதற்கு மேல் பேச்சில்லை. கேள்வி கேட்ட மாணவர் பட்டம் பெற்று இப்போது வேறோர் ஊரில் இமாமாக இருக்கிறார். சென்ற மாதம் விலை உயரும் என்ற வதந்தி கிளம்பியபோது எம்மைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கொப்பியில் கோடுகள் எப்படி வரையப்பட்டுள்ளன, எத்தனை நிரல்கள் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.