நித்தவெலயில் பத்தாம் இலக்கம்

மெல்பேர்ணில் இருக்கும் என் தங்கை மகன் முன்பெல்லாம் தொலைபேசியில் வந்தால் வீட்டு வாடகையையும் வெயிலையும் பற்றிப் பேசுவான். இப்போது காற்பந்தைப் பற்றிப் பேசுகிறான். நாம் அறிந்த காற்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையால் குத்தியும் காலால் உதைத்தும், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேராக ஆடுகின்ற அவுஸ்திரேலியக் காற்பந்து. அவன் மனத்தைப் பறிகொடுத்திருக்கும் கழகம் இந்த வருடம் தேறுமா, முழங்கால் முறிந்தவன் திரும்புவானா, இருபது வயதுப் பையனை முன்வரிசையில் நிறுத்துவது புத்தியா என்று அரைமணி நேரம் பேசினான். வேலைத்தளத்தில் மதிய உணவு வேளையில் இதே பேச்சுத்தானாம். "மாமா, உங்களுக்கு இதெல்லாம் விளங்காது" என்று முடித்தான்.

எனக்கா விளங்காது? சிரித்துக்கொண்டேன். அவன் பிறப்பதற்கு முன்பே கண்டி நித்தவெல மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து அதே விவாதத்தைச் செய்தவன் நான். பந்தும் அதே முட்டை வடிவம்தான். ஆட்டம் மாத்திரமே வேறு.

கண்டி என்றதும் வெளிநாட்டு வாசகர்களுக்குத் தலதா மாளிகையும் வாவியும் பெரஹராவும் நினைவுக்கு வரும். விளையாட்டு என்றால் முரளிதரன். அதில் பிழையில்லை. குண்டசாலையில் வளர்ந்து கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில் படித்த அந்தத் தமிழர், 2007 டிசம்பர் 3ஆம் திகதி அஸ்கிரியவில் கொலிங்வூட்டை வீழ்த்தித் தம் 709ஆவது விக்கெட்டை எடுத்து ஷேன் வார்னைத் தாண்டினார். ஆனால் கண்டியில் பிறந்து வளர்ந்தவனைக் கேளுங்கள். ஊரின் ஆட்டம் கிரிக்கெட் அல்ல, றகர் என்பான். பத்திரிகைக்காரர் நாம் றக்பி என்று எழுதுவோம். கண்டியில் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எவராயினும் வாயில் வருவது றகர்தான்.

பள்ளிக்கூடங்களுக்கு இந்த ஆட்டத்தைக் கொண்டுவந்த பெருமையும் கண்டிக்கே உரியது. 1891இல் கிங்ஸ்வூட் கல்லூரியை நிறுவிய எல். ஈ. பிளேஸ் என்பவரே அதைத் தம் மாணவருக்குப் பழக்கினார். 1906இல் போகம்பரையில் கிங்ஸ்வூட்டும் திரித்துவக் கல்லூரியும் மோதிய ஆட்டமே இந்நாட்டின் முதலாவது பாடசாலை றக்பிப் போட்டி. ஆறுக்கு ஆறு என்று சமநிலையில் முடிந்தது. யார் வென்றிருக்க வேண்டும் என்று நூறு வருடம் கழித்தும் இரு பள்ளிகளின் பழைய மாணவர்களும் வாதாடுவதை என் காதால் கேட்டிருக்கிறேன். அந்த ஆட்டத்தைப் பார்த்தவர் எவரும் அப்போது உயிரோடு இல்லை என்பது அவர்களுக்கு ஒரு தடையாக இருக்கவில்லை.

கண்டி விளையாட்டுக் கழகம் அதற்கும் மூத்தது. 1874இல் துரைமாரின் கழகமாகத் தொடங்கியது. தேயிலை, கோப்பித் தோட்டங்களை ஆண்ட வெள்ளைக்காரர் ஓய்வு நாளில் வந்து விளையாடிக் குடித்துப் போன இடம். என் பாட்டனார் ஒரு துரையின் பங்களாவில் குதிரை பார்த்தவர். அவர் அந்த வாசலில் குதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பாரே தவிர உள்ளே போயிருக்க முடியாது. அவருடைய பேரன் அதே கழகத்தை "எங்கட டீம்" என்று உரிமையோடு ஏசுகிறான். சரித்திரத்தின் விளையாட்டுகளில் இதுவும் ஒன்று.

நிற்க. நான் பத்திரிகைக்கு வந்தது எழுபதுகளின் நடுவில். கண்டி நிருபர் என்றால் கச்சேரி, நீதிமன்றம், தோட்டத் தொழிற்சங்கம், மண்சரிவு எல்லாம் அவன் தலையில். சனி ஞாயிறுகளில் நானாகவே நித்தவெலைக்குப் போய் ஆட்டச் செய்தி எழுதி அனுப்புவேன். கொழும்பில் இருந்த ஆசிரியர் ஒருவர் அதை மூன்று வரியாக வெட்டுவார். "நம்முடைய வாசகர்களுக்கு இது எதற்கு ஐயா?" என்பார். அவரைக் குறை சொல்ல முடியாது. 'ட்ரை' என்பதை முதன்முதலில் 'முயற்சி' என்று மொழிபெயர்த்து, "கண்டி அணி நான்கு முயற்சிகளைப் பெற்றது" என்று எழுதினேன். அவை வெற்றி பெற்றனவா இல்லையா என்று தெரிவிக்குமாறு ஒரு வாசகர் கடிதம் எழுதியிருந்தார். அதன் பிறகு 'ட்ரை' என்றே எழுதத் தொடங்கினேன்.

1983 ஜூலை 26ஆம் திகதி கண்டி நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. அன்று திருகோணமலை வீதியை ஒட்டிய ஓர் அறையில் கதவைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன நடந்தது என்பதைப் பலர் எழுதிவிட்டார்கள். நானும் வேறோரிடத்தில் எழுதியிருக்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று. அன்று நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்டேன். ஒரு கூட்டம் சேர்ந்து எழுப்புகின்ற ஆரவாரம் அது. கண்டி ட்ரை போடும்போது நித்தவெலயில் எழும் சத்தத்துக்கும் அதற்கும் என் காதுக்கு வித்தியாசம் தெரியவில்லை. அதன் பின் ஒன்பது வருடம் நான் மைதானத்துப் பக்கம் போகவில்லை. வேலை அதிகம் என்று எல்லோரிடமும் சொன்னேன்.

என்னைத் திரும்ப அழைத்துப் போனவர் ஒரு தபால் மாத்தயா. பிரதான தபால் கந்தோரில் வேலை பார்த்த சிங்களவர், என்னிலும் பத்து வயது மூத்தவர். 1992இல் ஒரு நாள் முத்திரை வாங்கப் போனேன். எண்பத்து மூன்றைப் பற்றியோ, ஏன் வருவதில்லை என்றோ அவர் கேட்கவில்லை. "மல்லி, பத்தாம் இலக்கத்துக்கு யாரைப் போடலாம் என்று நினைக்கிறாய்?" என்று சிங்களத்தில் கேட்டார். றக்பி தெரியாதவர்களுக்காக: பதினைந்து பேரில் பத்தாம் இலக்கச் சட்டைக்காரனே அணியின் மூளை. பந்தை உதைப்பதா, கைமாற்றுவதா, தானே ஓடுவதா என்று கண் இமைக்கும் நேரத்தில் முடிவு செய்கிறவன். எனக்கு அப்போதைய ஆட்டக்காரர் எவரையும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் வெட்கமாக இருந்தது. அடுத்த சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வந்து, அவர் ஆதரித்த பையனே மோசம் என்று வாதாடினேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி.

எங்கள் குழுவில் மூன்றாமவர் பேக்கரி நானா. கட்டுகஸ்தோட்டை வீதியில் சின்னப் பேக்கரி வைத்திருந்தார். ஆட்டத்துக்கு வரும்போது கடதாசிப் பையில் மாலு பாண் கொண்டுவருவார். கருத்துகளையும் அந்தப் பாணைப்போலச் சுடச்சுடத்தான் கொடுப்பார். "சேர், அவனுக்குக் கால் இரிக்கி, மூள இல்ல" என்பது ஒரு வீரனைப் பற்றி அவர் தந்த தீர்ப்பு. அந்த வீரன் பின்னர் நாட்டுக்காக ஆடியபோதும் நானா தீர்ப்பை மாற்றவில்லை.

அது கண்டி எழுந்துகொண்டிருந்த காலம். கிண்ணம் கொழும்பைத் தாண்டாது என்றிருந்த நிலை மாறியது. சீ.ஆர்., சீ.எச்., ஹெவ்லொக் ஆகிய கழகங்களின் ஆதரவாளர்கள் மலையேறி வந்து தோற்றுத் திரும்பினார்கள். பிரியந்த ஏக்கநாயக்கவைப் போன்ற முன்வரிசை வீரர்கள் அணியின் முதுகெலும்பாக நின்றார்கள். கழகத்தைக் கட்டியெழுப்பியவர் என்று மலிக் சமரவிக்கிரமவின் பெயரை எல்லோரும் சொல்வார்கள். அவர் பின்னாளில் அமைச்சரானவர். பீஜித் தீவிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். இது குறித்து எங்களுக்குள் பெரும் சண்டை நடந்தது. "காசு கொடுத்து ஆள் கொண்டுவந்து வெல்வது ஒரு வெற்றியா?" என்பார் தபால் மாத்தயா. "கொழும்புக்காரன் நம்ம பொடியன்களத் தூக்கிட்டுப் போகக்குள்ள அது ஞாயமா?" என்பார் நானா.

நானா சொன்னதில் விஷயம் இருந்தது. கண்டிப் பாடசாலைகள் வருடந்தோறும் நல்ல ஆட்டக்காரரை உருவாக்குகின்றன. ஆனால் பதினெட்டு வயதுப் பையனுக்கு வேலை வேண்டும். கடற்படையும் இராணுவமும் பொலிஸும் ஆட்டத்தோடு உத்தியோகத்தையும் சம்பளத்தையும் தருகின்றன. கொழும்புக் கழகங்களுக்குப் பின்னால் பெரிய கம்பெனிகள் இருக்கின்றன. தங்கை மகன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்: அவுஸ்திரேலியக் காற்பந்தில் 1986 முதல் ஒரு முறை இருக்கிறதாம். கடைசியில் முடித்த கழகத்துக்கே அடுத்த வருடத்து இளைஞர்களில் முதலாவது தெரிவு. கழகமொன்று சம்பளமாகக் கொடுக்கக்கூடிய மொத்தத் தொகைக்கும் வரம்பு உண்டு. தோற்றவனுக்கும் அடுத்த வருடம் நம்பிக்கை வேண்டுமென்று சட்டம் போட்டு வைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் அப்படி ஒன்றுமில்லை. வல்லவன் எடுத்துக்கொள்வான். கண்டி வல்லதாக இருந்த வருடங்களில் நாங்களும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

பத்தாம் இலக்கத்துக்கு வருகிறேன். கிங்ஸ்வூட்டில் உருவான பாசில் மரிஜா கண்டிக்காக அந்தச் சட்டையை நீண்ட காலம் அணிந்தார்; இலங்கை அணிக்கும் தலைமை தாங்கினார். அவசரமே இல்லாதவர்போல நின்று, எதிரணி மூன்று பேரைத் தன்பால் இழுத்துவிட்டு, பந்தை வேறு யாருக்கோ கொடுத்துவிடுவார். அவர் ஆடிய காலத்தில் எங்கள் விவாதத்தில் பத்தாம் இலக்கம் ஓய்வெடுத்தது. அவருக்குப் பின் யார் என்ற கேள்வி எழுந்தபோதுதான் மறுபடி சூடு பிடித்தது.

அந்தச் சூட்டுக்கு நடுவில் வந்தது 2018 மார்ச். தெல்தெனியவில் தாக்கப்பட்ட லொறிச் சாரதி ஒருவர் மரணமானதைத் தொடர்ந்து திகன, பல்லேகல, அக்குறணைப் பக்கங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கண்டி மாவட்டத்தில் ஊரடங்கு. 6ஆம் திகதி நாடு முழுவதும் அவசரகால நிலை. மறுநாள் சமூக வலைத்தளங்களும் முடக்கப்பட்டன. திரித்துவக் கல்லூரியின் றக்பி மைதானம் பல்லேகலயில்தான் இருக்கிறது. நாங்கள் மூவரும் எத்தனையோ தடவை பஸ் ஏறிப் போன வீதியில் இராணுவ வண்டிகள் நின்றன.

நானாவின் பேக்கரிக்கு ஒன்றும் ஆகவில்லை. திகனயில் இருந்த அவருடைய உறவினர் வீடு தப்பவில்லை. நான் இரண்டு முறை தொலைபேசியில் பேசினேன். பத்திரிகைக்காரன் பேசுவதுபோல் பேசினேன்: எத்தனை வீடு, பொலிஸ் எப்போது வந்தது, நட்டஈடு பதிந்தாயிற்றா. அவர் ஒழுங்காகப் பதில் சொன்னார். அனுதாபமும் தெரிவித்தேன். அதற்கும் ஒழுங்காக நன்றி சொன்னார். அவ்வளவுதான்.

அடுத்த பருவம் தொடங்கியது. நானா வரவில்லை. கடையில் ஆள் இல்லை என்றார். பிறகு மகளுக்குச் சுகமில்லை என்றார். மூன்றாவது தடவை வேலை அதிகம் என்றார். அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்கு அடிவயிற்றில் ஏதோ செய்தது. அது என்னுடைய வாக்கியம். ஒன்பது வருடம் நான் உபயோகித்த வாக்கியம்.

அன்று மாலை தபால் மாத்தயாவின் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அப்போது எழுபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டது, காது மந்தம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வா, பாண் வாங்கப் போவோம்" என்றார். முச்சக்கர வண்டி பிடித்துப் போனோம். நானா கல்லாவில் இருந்தார். மாத்தயா நலம் விசாரிக்கவில்லை. எண்பத்து மூன்றுக்குப் பிறகு என்னிடம் செய்ததையே இப்போதும் செய்தார். ஆனால் காது மந்தமானதால் கடை முழுவதும் கேட்கும்படி செய்தார். பத்தாம் இலக்கத்துக்கு ஒரு பெயரைச் சொன்னார். வேண்டுமென்றே சொன்னாரோ, உண்மையாகவே அப்படி நினைத்தாரோ தெரியாது, அது மிக மோசமான பெயர்.

நானா அவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாணைச் சுற்றிக்கொண்டே, "மாத்தயாவுக்குக் கண்ணும் போய்ட்டா?" என்று என்னிடம் தமிழில் கேட்டார். நான் அதை மொழிபெயர்த்தேன். அடுத்த முக்கால் மணி நேரம் வாடிக்கையாளர்கள் காத்து நின்றார்கள்.

அந்தப் பருவத்தில் அவர் ஒரே ஒரு ஆட்டத்துக்குத்தான் வந்தார். வழக்கமான இடத்தில் உட்காரவில்லை; வாசலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, முடிவதற்குப் பத்து நிமிடம் முன்பே போய்விட்டார். கூட்டம் கலையும்போது அங்கே இருக்க விரும்பவில்லை என்று விளங்கியது. ஏன் என்று நான் கேட்கவில்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுகள் வெடித்தன. அவர் மறுபடி காணாமற் போனார். பிறகு கொரோனா வந்து ஆட்டங்களே நின்றன. அந்த நாட்களில் தபால் மாத்தயா காலமானார். கட்டுப்பாடுகளால் எங்களில் எவரும் போக முடியவில்லை.

இப்போது நாங்கள் இருவர். நானா வருகிறார், இன்னமும் வாசலுக்குப் பக்கத்தில்தான் நிற்பார். முழங்கால் வலியோடு நானும் அங்கேயே நிற்கப் பழகிவிட்டேன். அங்கிருந்து தூரத்துக் கம்பம் சரியாகத் தெரியாது. பந்து உள்ளே போனதா வெளியே போனதா என்று மற்றவர்களின் சத்தத்தை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். கடைசியாகப் போன ஆட்டத்தில் பத்தாம் இலக்கப் பையன் இரண்டு தண்ட உதைகளைத் தவறவிட்டான். பையனுக்கு இன்னும் ஒரு வருடம் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. நானா ஒத்துக்கொள்ளவில்லை. மாத்தயா இருந்திருந்தால் யார் பக்கம் பேசியிருப்பார் என்பதிலும் எங்களுக்குள் இணக்கமில்லை.