மூன்று ரயில் நிலையங்கள் இருந்த ஊரில் இன்று ஒன்றுகூட இல்லை! - பஸ்ஸை நம்பி வாழும் இங்கிலாந்தின் குட்டி நகரம்

லண்டனிலிருந்து சுமார் 200 கி.மீ தூரத்தில் ஒரு நகரம். 800 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழைமையான பேராலயம், சினிமாக்காரர்கள் தேடிவரும் தெருக்கள், மணியடித்துச் சாப்பாடு கேட்கும் அன்னங்கள் என எல்லாம் அங்கே உண்டு. ரயில் மட்டும் இல்லை. ரயிலை உலகுக்குக் கொடுத்த இங்கிலாந்தில், சிட்டி அந்தஸ்து இருந்தும் ரயில் நிலையம் இல்லாத ஊர்கள் இரண்டே இரண்டு. வடக்கே ரிப்பன், தெற்கே வெல்ஸ்.

கவனிக்கவும், இது தனி நாடான வேல்ஸ் அல்ல. சாமர்செட் மாவட்டத்தில், மெண்டிப் மலை அடிவாரத்தில் இருக்கும் வெல்ஸ். ஊருக்குள் பொங்கிவரும் ஊற்றுகளால்தான் இந்தப் பெயர். மக்கள்தொகை சுமார் 11,000. லண்டனின் நடுவில் இருக்கும் 'சிட்டி ஆஃப் லண்டன்' பகுதியை விட்டுவிட்டால், இங்கிலாந்தின் மிகச்சிறிய நகரம் இதுதான்.

மூன்று கம்பெனி, மூன்று ஸ்டேஷன்!

வெல்ஸுக்கு ரயில் வராமல் இல்லை. சொல்லப்போனால், தேவைக்கு அதிகமாகவே வந்தது.

1859-ல் கிளாஸ்டன்பரி பக்கமிருந்து ஒரு கம்பெனி ரயில் பாதை போட்டு, பிரயரி ரோட்டில் ஸ்டேஷன் கட்டியது. 1862-ல் ஷெப்டன் மாலட் பக்கமிருந்து ஈஸ்ட் சாமர்செட் ரயில்வே வந்தது. அது தனக்கென ஒரு ஸ்டேஷன் கட்டிக்கொண்டது. 1870-ல் செடார் பள்ளத்தாக்கு வழியாக இன்னொரு கம்பெனி வந்து, டக்கர் ஸ்ட்ரீட்டில் மூன்றாவது ஸ்டேஷனைத் திறந்தது. ஒரு சின்ன ஊரில் மூன்று ஸ்டேஷன்கள். ஒரு கம்பெனியின் ரயிலில் இறங்கி அடுத்த கம்பெனியின் ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால், பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

1878-ல் பாதைகள் இணைந்தன. அப்போதும் கூத்து முடியவில்லை. செடார் பாதையில் ஓடிய ரயில்கள், பிரயரி ரோடு ஸ்டேஷனுக்குள் புகுந்து நிற்காமலேயே போய்க்கொண்டிருந்தன. அவை அங்கே நிற்கத் தொடங்கியது 1934-ல்தான். அரை நூற்றாண்டுக்கும் மேல் பயணிகள் பிளாட்பாரத்தில் நின்று வேடிக்கைதான் பார்த்திருக்கிறார்கள்.

செடார் பகுதியில் விளைந்த ஸ்ட்ராபெர்ரி பழங்களை ஏற்றிச் சென்றதால், அந்தப் பாதைக்கு 'ஸ்ட்ராபெர்ரி லைன்' என்று செல்லப்பெயர் வந்தது. பழம் போன வேகத்துக்கு ஆட்கள் போகவில்லை. கார்களும் லாரிகளும் பெருகின. 1951-ல் கிளாஸ்டன்பரி பாதையில் பயணிகள் ரயில் நின்றது. 1963 செப்டம்பரில் செடார் பாதையிலும் நின்றுபோனது. நஷ்டத்தில் ஓடும் பாதைகளையும் 2,000-க்கும் மேற்பட்ட நிலையங்களையும் மூடலாம் என்று பிரிட்டிஷ் ரயில்வே தலைவர் ரிச்சர்ட் பீச்சிங் அறிக்கை கொடுத்த அதே வருடம் அது.

இன்று ஊருக்குள் அந்த ரயில் தடத்தின் மேல் கார்கள் ஓடுகின்றன. ஊரின் நெரிசலைக் குறைக்கப் போடப்பட்ட சாலையின் ஒரு பகுதி, பழைய ரயில் பாதை போன வழியிலேயே போகிறது. அதன் பெயர் 'ஸ்ட்ராபெர்ரி வே'. ரயில் போய்விட்டது, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

இப்போது எப்படிப் போவது?

லண்டன் பேடிங்டனில் ரயில் ஏறினால், சுமார் ஒன்றே முக்கால் மணி நேரத்தில் பிரிஸ்டல் டெம்பிள் மீட்ஸ் வந்துவிடும். ஸ்டேஷன் அருகிலேயே 376-ம் நம்பர் பஸ் நிற்கும். பகலில் சுமார் அரை மணி நேரத்துக்கு ஒரு பஸ். பென்ஸ்ஃபோர்ட், கிளட்டன், சூட்டன் மெண்டிப் என்று கிராமம் கிராமமாக நின்று, ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு வெல்ஸ் வந்து சேரும். பிறகு கிளாஸ்டன்பரி, ஸ்ட்ரீட் என்று தொடரும்.

முடிந்தால் மாடி பஸ்ஸின் மேல்தளத்தில் முன்சீட்டைப் பிடியுங்கள். மெண்டிப் மலையின் உச்சியிலிருந்து ஏ39 சாலை சரசரவென இறங்கும்போது, கீழே பச்சை வயல்களுக்கு நடுவே வெல்ஸ் தெரியும்.

இன்னொரு வழி காசில் கேரி. வெல்ஸுக்கு மிக அருகில் இருக்கும் ரயில் நிலையம் இதுதான். சுமார் 20 கி.மீ. லண்டனிலிருந்து நேரடி ரயில் உண்டு. ஆனால் அது சின்ன ஊர் ஸ்டேஷன். இறங்கியதும் பஸ் தயாராக நிற்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. டாக்ஸியை முன்பே சொல்லி வைப்பது நல்லது.

காரில் வருபவர்களுக்கும் அவ்வளவு சுலபமில்லை. வெல்ஸைத் தொட்டுச் செல்லும் மோட்டார்வே கிடையாது. மேற்கே எம்5-ல் இறங்கி, வளைந்து நெளியும் சாலைகளில்தான் வர வேண்டும். பாத் பக்கமிருந்து ஏ39, செடார் பக்கமிருந்து ஏ371 என இரண்டு முக்கியச் சாலைகளும் வெல்ஸில்தான் சந்திக்கின்றன. சில இடங்களில் எதிரே டிராக்டர் வந்தால், வேகமெல்லாம் அதன் வேகம்தான்.

பஸ் நின்றால் என்ன ஆகும்?

சுற்றுலா வருபவருக்கு பஸ் தாமதம் என்றால் ஒரு கப் காபி கூடுதல். உள்ளூர்க்காரருக்கு அப்படியல்ல.

இங்கிலாந்தில் 18 வயது வரை படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ இருந்தாக வேண்டும். வெல்ஸ் சுற்றுவட்டாரப் பிள்ளைகள் பலருக்கு, பத்தாம் வகுப்புக்குப் பிந்தைய படிப்பு என்றால் ஸ்ட்ரீட்டில் இருக்கும் ஸ்ட்ரோட் காலேஜ்தான். 17 வயதில் கார் ஓட்டப் பழகலாம். ஆனால் அந்த வயதில் கார் இன்ஷூரன்ஸ் கட்டினால் கையிலிருப்பது காலியாகிவிடும். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் பாத் அல்லது பிரிஸ்டல் போக வேண்டும். கார் ஓட்டுவதை நிறுத்திவிட்ட தாத்தா பாட்டிகளுக்கு அங்கே போய்வர, ஆள் துணை இல்லாவிட்டால் பஸ்தான் துணை.

1986-ல் லண்டனுக்கு வெளியே பஸ் சேவை தனியாரிடம் திறந்துவிடப்பட்டது. அதன்பின், எந்த ரூட்டில் ஓட்டுவது என்பதைப் பெரும்பாலும் கம்பெனிகளே முடிவுசெய்கின்றன. லாபமில்லாத ரூட்டுக்கு உள்ளாட்சி நிர்வாகம் மானியம் கொடுத்தால்தான் வண்டி ஓடும். நிதி குறையும்போது முதலில் அடிவாங்குவது மாலை நேர பஸ்ஸும் ஞாயிறு பஸ்ஸும். ஒரு ஊரில் கடைசி பஸ் இரவு எட்டு மணிக்கு என்றால், ஹோட்டலில் இரவு ஷிஃப்ட் பார்க்க நினைக்கும் கார் இல்லாத இளைஞருக்கு அந்த வேலை கிடைத்தும் பயனில்லை.

கொஞ்சம் ஆறுதலான செய்தியும் உண்டு. அரசு ஓய்வூதிய வயதை எட்டியவர்களுக்கு, சாதாரண நாள்களில் காலை 9.30-க்கு மேல் உள்ளூர் பஸ்களில் இலவசம். மற்றவர்களுக்கு 2023 ஜனவரியில் ஒரு பயணத்துக்கு அதிகபட்சம் 2 பவுண்ட் என்று அரசு உச்சவரம்பு வைத்தது. 2025 ஜனவரியில் அது 3 பவுண்ட் ஆனது. திட்டத்தில் சேர்ந்த பஸ்களில் எவ்வளவு தூரம் போனாலும் ஒரு பயணத்துக்கு அதற்கு மேல் இல்லை.

இறங்கிவிட்டால் நடைதான்!

பிரின்சஸ் ரோடு பஸ் நிலையத்தில் இறங்கிய பிறகு வண்டியே தேவைப்படாது. எல்லாமே பத்து நிமிட நடைக்குள்.

ஹை ஸ்ட்ரீட்டின் ஓரத்தில் சலசலவென்று தண்ணீர் ஓடும். 1451-ல் பிஷப் பெக்கிங்டன் தன் அரண்மனை ஊற்றிலிருந்து ஊர்மக்களுக்குத் தண்ணீர் கொடுத்த ஏற்பாட்டின் தொடர்ச்சி அது. மார்க்கெட் பிளேஸில் புதனும் சனியும் சந்தை. அங்கேயே தரையில், 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் 6.76 மீட்டர் தாண்டி உலக சாதனை படைத்த உள்ளூர்ப் பெண் மேரி ராண்டின் தாண்டலை அதே நீளத்தில் பதித்திருக்கிறார்கள். குழந்தைகள் ஓடிவந்து தாண்டிப் பார்க்காமல் நகர மாட்டார்கள்.

பேராலயத்தில் 14-ம் நூற்றாண்டுக் கடிகாரம் இருக்கிறது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை குதிரை வீரர்கள் சுற்றி வந்து மோதுவார்கள். ஒவ்வொரு முறையும் அடிவாங்கி விழுவது ஒரே ஆள்தான், பாவம்! பக்கத்தில் 14-ம் நூற்றாண்டு வீடுகள் வரிசையாக நிற்கும் விகார்ஸ் குளோஸ் தெரு. பிஷப் அரண்மனை அகழியில், கயிற்றை இழுத்து மணியடிக்கப் பழகிய அன்னங்கள். 2007-ல் வந்த 'ஹாட் ஃபஸ்' படம் பார்த்தவர்களுக்குத் தெருக்கள் பழகிய முகம்போல இருக்கும். இயக்குநர் எட்கர் ரைட் இங்கே வளர்ந்தவர்.

கிளம்பும் முன்...

* ஜூன் கடைசியில் கிளாஸ்டன்பரி இசைத் திருவிழா. நடப்பது வெல்ஸிலிருந்து சில கி.மீ தூரத்தில் இருக்கும் பில்டன் பண்ணையில். 2 லட்சம் பேர் கூடுவதால் சாலைகள் திணறும்.

* நவம்பரில் வெல்ஸ் கார்னிவல் அன்று விளக்கு ரதங்களுக்காகச் சாலைகளை மூடுவார்கள்.

* திரும்பும் கடைசி பஸ் எப்போது என்று இறங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நேரம் வேறு.

* நீராவி ரயில் ஆசை இருந்தால், ஷெப்டன் மாலட்டைத் தாண்டி கிரான்மோர் போகலாம். பழைய ஈஸ்ட் சாமர்செட் பாதையின் ஒரு துண்டில், இப்போதும் புகைவிட்டுக்கொண்டு ரயில் ஓடுகிறது. ஆனால் அது வெல்ஸ் வரை வராது.

வெல்ஸுக்கு வருவது 376-ம் நம்பர் பஸ்தான். அதில் ஏறும் ஒவ்வொரு வெளியூர்ப் பயணியின் டிக்கெட்டும், அந்த பஸ் நாளையும் ஓட ஒரு காரணம்.