மோட்டாரின் உயரம்

படகு வேகமெடுக்காவிட்டால் பழி முதலில் எஞ்சின் மீதுதான் விழுகிறது. "குதிரைத்திறன் போதவில்லை, பெரியதாக வாங்குங்கள்" என்று கரையில் நிற்போர் அனைவரும் ஆலோசனை வழங்குவர். கீழக்கரையிலுள்ள என் மைத்துனருக்கும் அதுவே நேர்ந்தது. 18 அடி ஃபைபர் படகையும் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரையும் வெவ்வேறு இடங்களில் பழையதாக வாங்கியிருந்தார். படகு ஊர்ந்தது, பெட்ரோலோ தண்ணீராய்க் கரைந்தது. 15 குதிரைத்திறன் மோட்டார் வாங்க வட்டிக்குக் கடன் பெறவும் துணிந்துவிட்டார். "வேறு வழியில்லை மச்சான்" என்றார் தொலைபேசியில். வட்டி ஹராம் என்பதை அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. என் மனைவிக்கு அன்றிரவு உறக்கமில்லை.

குரோம்பேட்டையில் லேத் பட்டறை நடத்துபவன் நான். தோல் கம்பெனியால் பெயர் பெற்ற ஊரில் கடலைப் பற்றி யார் பேசப்போகிறார்கள்! எனினும் அளவு என்பது எல்லாத் தொழிலுக்கும் பொதுவானதுதானே. புரொப்பெல்லருக்குச் சற்று மேலே கிடையாக ஒரு தகடு இருக்கும். நேரான கம்பு ஒன்றைப் படகின் அடிப்புறத்தோடு ஒட்டிப் பின்னோக்கி நீட்டி, அந்தத் தகடு எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ஐந்து அங்குலம் கீழே நின்றது! அவுட்போர்டுகள் பெரும்பாலும் 15, 20, 25 அங்குலத் தண்டு நீளங்களில் வருகின்றன. அவருடையது 20, படகின் பின்பலகையோ 15க்கு உரியது. தேவையற்ற இரும்பை நீருக்குள் இழுத்துக்கொண்டு படகு எங்ஙனம் ஓடும்?

தகடு அடிப்புறத்தோடு சமமாகவோ, ஓர் அங்குலத்திற்குள் தாழ்ந்தோ இருத்தல் வேண்டும். அதிகம் உயர்த்தினாலும் கேடுதான். புரொப்பெல்லர் காற்றை வாரிச் சுழலும்; எஞ்சினைக் குளிர்விக்கும் நீர் ஏறாது; சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். கடலில் மலைகள் போல் செல்லும் கப்பல்களைக் கூறும் சூரா அர்ரஹ்மான், அதற்கு முன்பே தராசில் வரம்பு மீறாதீர் என எச்சரிப்பது எனக்கு நினைவு வந்தது.

மைத்துனர் ஆர்வ மிகுதியால் ஆறு அங்குலப் பலகையை வைத்துவிட்டார். திருப்பத்தில் எஞ்சின் அலறியது. பின்னால் பீய்ச்சும் நீர்த்தாரை விட்டுவிட்டு வந்தது. மன்னார் வளைகுடாவின் அலையை எண்ணி, நாலரை அங்குலமாகக் குறைக்கச் சொன்னேன். வலை, ஐஸ் பெட்டி, இரண்டு ஆட்கள் என வழக்கமான பாரத்தோடுதான் சோதிக்க வேண்டும் என்றும் வற்புறுத்தினேன். வெறும் படகு பொய் சொல்லும்.

இம்முறை தாரை அறுபடவில்லை. படகும் நீரைக் கிழித்து எழுந்து ஓடியது. கடன் பத்திரம் கையெழுத்தாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பலகையை அவர் மர ஸ்குருக்களால் மட்டுமே பிடித்திருந்தார். அது நடுக்கடலில் மோட்டாரோடு போய்விடும். பின்பலகையை ஊடுருவிச் செல்லும் நான்கு போல்ட்டுகளைத் துருப்பிடிக்காத எஃகில் நானே கடைந்து, மறுநாள் பேருந்தில் அனுப்பிவைத்தேன்.